பிள்ளையின் நோட்டுப் புத்தகத்தையும் கொண்டு வரச் சொல்லுங்கள்

பாலக்கோட்டில் பணிபுரியும் ஒரு இளம் குழந்தை மருத்துவர் கேட்டிருக்கிறார்: "வாரத்துக்கு நாலைந்து பெற்றோராவது 'பையன் சேட்டை தாங்கல டாக்டர், படிப்பு ஏறல' என்று வருகிறார்கள். எம்.டி. படித்தபோது ஏ.டி.எச்.டி. (கவனக் குறைவு, மிகைத் துடிப்புக் கோளாறு) பற்றி நடந்தது ஒரே ஒரு வகுப்பு. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இருக்கும் குழந்தை மருத்துவர்கள் சிலர் சேர்ந்து இதற்கு ஒரு பயிற்சி நடத்த நினைக்கிறோம். ஒரு நாள் கருத்தரங்கு போதுமா? அதில் எதைச் சொல்லிக்கொடுப்பது?"

போதாது, டாக்டர். ஒரு நாள் வகுப்புகளில் நானே பேசியிருக்கிறேன். ஆறு மாதம் கழித்து அதே மருத்துவர்களிடம் "எத்தனை பிள்ளைகளுக்கு அறிகுறிப் படிவம் நிரப்பினீர்கள்?" என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. அறிகுறிகள் அவர்களுக்கு மனப்பாடம். ஆனால் திங்கட்கிழமை காலை ஓ.பி.யில் காய்ச்சலும் சளியுமாக எண்பது பேர் காத்திருக்கும்போது, ஒரு பாட்டி பேரனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து நின்றால், முதலில் என்ன கேட்பது, அடுத்து எப்போது வரச் சொல்வது, யாரைக் கூட்டி வரச் சொல்வது என்பது தெரியாது. பயிற்சியில் கற்க வேண்டியது அதைத்தான். ஏ.டி.எச்.டி.க்கு ரத்தப் பரிசோதனை கிடையாது, ஸ்கேன் கிடையாது. வீட்டிலிருந்தும் பள்ளியிலிருந்தும் செய்தி சேகரித்து, ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டு, மாதக்கணக்கில் அந்தக் குடும்பத்தை விடாமல் பார்ப்பதுதான் மொத்த வேலையும்.

பாடப் பகுதியை அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். 2013ல் வந்த டி.எஸ்.எம்.-5 என்ற அமெரிக்க மனநலக் கையேட்டின் வரையறைப்படி கவனக் குறைவுக்கு 9 அறிகுறிகள், மிகைத் துடிப்புக்கும் அவசரத்துக்கும் சேர்த்து 9. ஏதாவது ஒரு பக்கத்தில் 6 அறிகுறிகளாவது 6 மாதத்துக்கு மேல் நீடித்திருக்க வேண்டும். அவற்றில் பல 12 வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும். பிள்ளையின் அன்றாட வாழ்க்கையைக் கெடுத்திருக்க வேண்டும். வேறு ஒன்றால் அது விளக்கப்படக் கூடாது. பலரும் தவறுவது கடைசி மூன்றில்தான். உலக அளவில் பள்ளி வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில் இது இருக்கிறது என்பது ஆய்வுத் தொகுப்புகள் சொல்லும் கணக்கு. நாற்பது பேர் உள்ள வகுப்பில் இரண்டு பேர். சேட்டை செய்யும் எல்லாரும் இதில் வரமாட்டார்கள். சேட்டையே செய்யாத சிலர் வருவார்கள்.

பயிற்சியில் முதலில் உடைக்க வேண்டிய எண்ணம் ஒன்று உண்டு. "என் எதிரில் பதினைந்து நிமிடம் பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தான், இவனுக்கு எப்படி ஏ.டி.எச்.டி. இருக்கும்?" என்று மருத்துவர்களே கேட்பார்கள். புது இடம், வெள்ளைக் கோட்டு, ஊசி போட்டுவிடுவார்களோ என்ற பயம், ஒரே ஒரு பெரியவர் தன்னிடம் மட்டும் பேசுவது, இத்தனையும் சேர்ந்தால் இந்தப் பிள்ளைகள் நன்றாகவே அடங்கி உட்காருவார்கள். பிடித்த கார்ட்டூனை ஒரு மணி நேரம் கண் இமைக்காமல் பார்ப்பதும் அதே போலத்தான். உங்கள் அறையில் தெரிவதை வைத்து உண்டு என்றும் சொல்லாதீர்கள், இல்லை என்றும் சொல்லாதீர்கள்.

சரி, அப்படியானால் எதை நம்புவது? நான் முதலில் கேட்பது நோட்டுப் புத்தகம். அடுத்த முறை வரும்போது தமிழ் நோட்டும் கணக்கு நோட்டும் கொண்டு வாருங்கள் என்பேன். புது நோட்டு வேண்டாம், எழுதி முடித்த பழைய நோட்டு.

காரிமங்கலம் பக்கத்திலிருந்து வந்த ஐந்தாம் வகுப்புச் சிறுமியின் நோட்டு இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒவ்வொரு பக்கத்திலும் முதல் இரண்டு வரி முத்து முத்தாக இருக்கும். மூன்றாவது வரியில் புள்ளிகள் காணாமல் போகும். ஐந்தாவது வரியில் ஒரு சொல் விட்டுப் போயிருக்கும். பாதிப் பக்கத்தில் எழுத்தே நின்று, ஓரத்தில் ஒரு பூ வரைந்திருக்கும். கணக்கில் கூட்டல் சரி, ஆனால் கரும்பலகையில் இருந்த 64ஐ 46 என்று எடுத்து எழுதியிருந்தாள். யாருக்கும் தொல்லை தராத பிள்ளை. அதனால் நாலு வருடம் யாரும் கவனிக்கவில்லை, "கொஞ்சம் மக்கு" என்று விட்டுவிட்டார்கள். அம்மா அழைத்து வந்ததே வயிற்று வலிக்காக. பள்ளிக்கூட நாளில் மட்டும் வரும் வயிற்று வலி. கவனக் குறைவு மட்டும் இருக்கும் வகை அது. ஆண் பிள்ளைகளில் அதிகம் கண்டுபிடிக்கப்படுவதற்கு ஒரு காரணம், பெண் பிள்ளைகளிடம் இது இப்படி ஓசையில்லாமல் இருப்பது.

இன்னொரு நோட்டும் உண்டு. இதைச் சொல்ல எனக்கு இன்றும் வலிக்கிறது. இரண்டாம் வகுப்புப் பையன். "கூப்பிட்டால் திரும்பமாட்டான், கனவு கண்டுகொண்டே இருப்பான்" என்றார்கள். வீட்டுப் படிவம், பள்ளிப் படிவம் இரண்டும் நிரம்பி வந்தது, மதிப்பெண்ணும் கூடியிருந்தது. கவனக் குறைவு என்று முடிவு கட்டி நாலு மாதம் பார்த்தேன். முன்னேற்றமே இல்லை. ஒருநாள் அவன் நோட்டைப் புரட்டியபோதுதான் தெரிந்தது. ஒரு எழுத்தின் நடுவில் பென்சில் கோடு அப்படியே கீழே வழுக்கி ஓடி நிற்கிறது. அடுத்து அதே எழுத்து மறுபடி முதலிலிருந்து. ஒரு பக்கத்தில் மூன்று இடத்தில். ஒரு காகிதக் காற்றாடியைக் கொடுத்து விடாமல் ஊதச் சொன்னேன். இரண்டு நிமிடம் ஆவதற்குள் ஊதுவது நின்றது, கண் நிலைகுத்தியது, இமை லேசாகத் துடித்தது. பத்து விநாடியில் ஒன்றுமே நடக்காததுபோல மறுபடி ஊத ஆரம்பித்தான். அது ஆப்சென்ஸ் வலிப்பு, சில விநாடி நினைவு தப்பும் வகை; விடாமல் ஊதினால் வெளிப்பட்டுவிடும். மூளையின் மின் அலைகளைப் பதியும் இ.இ.ஜி. உறுதி செய்தது. அன்றிலிருந்து என் மேசை இழுப்பறையில் ஒரு காற்றாடி எப்போதும் இருக்கிறது. உங்கள் பயிற்சிக்கு வரும் ஒவ்வொருவர் கையிலும் ஒரு காற்றாடி கொடுத்து அனுப்புங்கள்.

அந்தப் பையன் போலவே ஏ.டி.எச்.டி. வேஷம் போட்டு வருபவை நிறைய. காதில் சீழ் வடிந்து கேட்கும் திறன் குறைந்த பிள்ளை, பலகை தெரியாத பிள்ளை, மூக்கின் பின்னால் சதை வளர்ந்து இரவெல்லாம் குறட்டை விட்டுத் தூக்கம் கெட்ட பிள்ளை, ரத்தசோகை உள்ள பிள்ளை, அப்பா குடித்துவிட்டு அம்மாவை அடிப்பதைத் தினமும் பார்க்கும் பிள்ளை. கற்றல் குறைபாடும் அறிவுத்திறன் குறைவும் தனியாகவும் வரும், ஏ.டி.எச்.டி.யோடு சேர்ந்தும் வரும். காது, கண், தூக்கம், ஹீமோகுளோபின், வீட்டு நிலைமை, இந்த ஐந்தையும் பார்க்காமல் யாரும் சீட்டில் ஏ.டி.எச்.டி. என்று எழுதக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். வகுப்பிலேயே வயதில் சின்ன பிள்ளை எது என்றும் கேளுங்கள். ஒரு வருடம் இளையவனை மூத்தவர்களோடு ஒப்பிட்டால் அவன் துடிப்பானவனாகத்தான் தெரிவான். பல நாட்டு ஆய்வுகளிலும் இது தெரிந்த விஷயம்.

எங்கள் பகுதிக்கே உரிய சிக்கல்கள் வெளியூர்ப் பாடத்தில் இருக்காது. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை, வேப்பனப்பள்ளி பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசிவிட்டு, பள்ளியில் தமிழையும் ஆங்கிலத்தையும் எதிர்கொள்ளும் பிள்ளைகள் ஏராளம். முதல் வகுப்பில் ஆசிரியர் சொல்வது பாதி புரியாத பிள்ளை எழுந்து ஓடத்தான் செய்யும். வீட்டு மொழியில் பேசும்போது எப்படி இருக்கிறான் என்று பார்க்காமல் முடிவு எடுக்கக் கூடாது. அடுத்தது, பெற்றோர் பெங்களூருவில் கட்டட வேலைக்கோ திருப்பூர் பனியன் கம்பெனிக்கோ போய்விட, தாத்தா பாட்டியிடம் வளரும் பிள்ளைகள். பென்னாகரம், அரூர், ஊத்தங்கரைப் பக்கம் இது சாதாரணம். அந்தப் பிள்ளை அம்மாவுக்காக ஏங்குகிறதா, பிறந்ததிலிருந்தே இப்படியா என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பாட்டிக்கு மூன்று வயதில் எப்படி இருந்தான் என்று தெரியாமல் இருக்கலாம். அம்மாவை வாட்ஸ்அப்பில் வீடியோ காலில் பிடியுங்கள். சாயங்காலம் வேலை முடிந்த நேரத்தில் கூப்பிட்டால் கட்டாயம் எடுப்பார்கள். எத்தனையோ அம்மாக்கள் செங்கல் அடுக்கின் ஓரத்தில் நின்றுகொண்டு அரை மணி நேரம் பேசியிருக்கிறார்கள்.

அப்பா வந்தால் இன்னும் நல்லது. "நானும் சின்ன வயசுல இப்படித்தான் டாக்டர்" என்று ஒருவர் சொன்னால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏ.டி.எச்.டி.யில் பரம்பரையின் பங்கு மிகப் பெரியது. அந்த அப்பாவுக்கும் இன்று வரை வேலை நிலைக்காமல் போனதற்கு இது காரணமாக இருக்கலாம்.

இன்னொரு கேள்வியும் வரும். பல்லில் பழுப்புக் கறையோடு வரும் பிள்ளையைக் காட்டி "தண்ணிதான் காரணமா?" என்பார்கள். இரண்டு மாவட்டங்களிலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. ஃபுளோரைடுக்கும் கவனக் குறைவுக்கும் தொடர்பு உண்டா என்று சில நாடுகளில் ஆராய்ந்திருக்கிறார்கள், ஆனால் அதுதான் காரணம் என்று நிறுவப்படவில்லை. போர்த் தண்ணீரை விட்டு ஒகேனக்கல் தண்ணீரைக் குடிக்கச் சொல்லுங்கள். அது பல்லுக்கும் எலும்புக்கும். ஏ.டி.எச்.டி.யைக் கறையை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

படிவத்துக்கு வருகிறேன். 6 முதல் 12 வயதுக்கு ஏ.டி.எச்.டி. அறிகுறிகளைக் கேட்கும் வாண்டர்பில்ட் படிவம் எளிது, காசும் கிடையாது. பெற்றோருக்கு 55 கேள்வி, ஆசிரியருக்கு 43. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், அறிகுறிக் கேள்விகளில் 2ம் 3ம்தான் கணக்கில் வரும். ஆனால் கையில் கொடுத்து "நிரப்பிக் கொண்டு வாங்க" என்று அனுப்பினால் வேலைக்கு ஆகாது. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கு நீங்களோ நர்ஸோ வாசித்துக் காட்ட வேண்டும். அதையும் பயிற்சியில் ஒருவரை ஒருவர் உட்கார வைத்துப் பழகுங்கள். 'மோட்டார் ஓட்டுவது போல் இயங்குகிறான்' என்று வாசித்தால் பாட்டி விழிப்பார். 'சாவி கொடுத்த பொம்மை மாதிரி ஓடிட்டே இருக்கானா?' என்றால் உடனே பதில் வரும். 'அடிக்கடி', 'எப்போதாவது' என்பதெல்லாம் ஆளுக்கு ஒரு அளவு. "வாரத்தில் எத்தனை நாள்?" என்று கேளுங்கள். ஆசிரியர் படிவத்துக்கு, பெற்றோரின் சம்மதத்தோடு, மாலை நாலு மணிக்கு மேல் நீங்களே ஒரு போன் செய்யுங்கள். மருத்துவரே கூப்பிட்டார் என்பதற்காக எந்த வகுப்பாசிரியரும் பத்து நிமிடம் ஒதுக்குவார். அந்தப் பத்து நிமிடத்தில் படிவத்தில் இல்லாத நாலு விஷயம் கிடைக்கும்.

இத்தனைக்கும் நேரம் எங்கே என்று கேட்பீர்கள். ஒரே மூச்சில் செய்ய நினைக்காதீர்கள். முதல் நாள் ஐந்து நிமிடம் போதும்: குறை என்ன என்று கேட்டு, காது, கண், ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லி, படிவத்தையும் அடுத்த தேதியையும் கொடுங்கள். வாரத்தில் ஒரு மதியம் இதற்கென்று ஒதுக்கி, இரண்டாவது சந்திப்பை நாற்பது நிமிடம் வையுங்கள். மூன்றாவதில்தான் பெயர் சொல்வது, திட்டம் போடுவது. தாயத்து கட்டிவிட்டுத்தான் பலர் வருவார்கள். அதைக் கழற்றச் சொல்லி முதல் நாளே மனதை நோகடிக்க வேண்டாம்.

சிகிச்சையில் நம் மருத்துவர்கள் பின்தங்கியிருப்பது பெற்றோர் பயிற்சியில்தான். 6 வயதுக்குக் கீழே அதுதான் முதல் சிகிச்சை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2019 வழிகாட்டுதல் 4, 5 வயதுப் பிள்ளைகளுக்கு அதைத்தான் முதலில் வைக்கிறது. அதைச் செய்யத் தெரியாததால் மருந்துக்குத் தாவுகிறோம், அல்லது "வளர வளர சரியாகிடும்" என்று அனுப்பிவிடுகிறோம். இரண்டுமே பிள்ளைக்குச் செய்யும் அநியாயம். செய்ய வேண்டியது பெரிய வித்தை இல்லை. "போய் கை கால் கழுவிட்டு, யூனிபாரத்தை மாத்திட்டு, டிபன் பாக்ஸை எடுத்து வச்சுட்டு வந்து உக்காரு" என்பது இந்தப் பிள்ளைக்கு நாலு கட்டளை. முதலாவது மட்டும் காதில் விழும், அதுவும் பாதி. அருகில் போய், தோளைத் தொட்டு, கண்ணைப் பார்த்து, ஒரு நேரத்தில் ஒன்று. செய்தவுடனே பாராட்டு. சாயங்காலம் பாராட்டினால் பயன் இல்லை, அந்த நிமிடமே வேண்டும். எங்கள் ஊரில் புளியங்கொட்டைக்குப் பஞ்சமில்லை. ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்து, சொன்னதைச் செய்யும் ஒவ்வொரு முறையும் ஒரு கொட்டை போடச் சொல்கிறேன். இருபது சேர்ந்தால் அவனுக்குப் பிடித்த ஒன்று: அப்பாவோடு வண்டியில் ஒரு சுற்று, பாட்டி சுடும் பணியாரம். போட்ட கொட்டையைக் கோபத்தில் திரும்ப எடுக்கக் கூடாது, அது மட்டும் கண்டிப்பு. அடிப்பது பலன் தராது என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். அடிக்குப் பதில் என்ன செய்வது என்று காட்டினால்தான் அடி நிற்கும்.

மருந்து வேண்டிய பிள்ளைக்கு மருந்து கொடுக்கத் தயங்கவும் கூடாது. 1937லேயே சார்லஸ் பிராட்லி என்ற அமெரிக்க மருத்துவர் ஊக்க மருந்து கொடுத்த பிள்ளைகள் அமைதியாகிப் படிப்பதைக் கண்டு எழுதினார். 1999ல் வெளிவந்த, ஏ.டி.எச்.டி. சிகிச்சை முறைகளை ஒப்பிட்ட எம்.டி.ஏ. ஆய்வில் 579 பிள்ளைகளை 14 மாதம் பார்த்தார்கள். கவனமாக அளவு பார்த்து, மாதந்தோறும் சந்தித்துக் கொடுத்த மருந்து, அதே மருந்தை ஊர் மருத்துவர்களிடம் சாதாரணமாகப் பெற்றவர்களைவிட நல்ல பலன் தந்தது. வித்தியாசத்தை உண்டாக்கியதில் தொடர்ந்து பார்த்ததற்கும் பங்குண்டு. பயிற்சியில் இந்த ஒரு ஆய்வையாவது எல்லாரும் படித்துப் பேச வேண்டும்.

மெத்தில்ஃபெனிடேட் என்ற ஊக்க மருந்து நம் நாட்டில் ஷெட்யூல் எக்ஸ், அதாவது விற்பனையில் கடும் கட்டுப்பாடு உள்ள மருந்து. சீட்டு இரண்டு பிரதி வேண்டும், ஒன்றை மருந்துக்கடை இரண்டு வருடம் வைத்திருக்க வேண்டும். அதனால் பல கடைகளில் இருக்காது. எழுதுவதற்கு முன் எந்தக் கடையில் இருக்கிறது என்று போனில் கேளுங்கள். அஞ்செட்டியிலிருந்து ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்த அப்பாவை ஓசூர் முழுக்க அலைய விடாதீர்கள். 5 மில்லிகிராமில் தொடங்கி, வாரம் ஒருமுறை பார்த்துக் கூட்டலாம். சாதாரண மாத்திரை நாலு மணி நேரம் வேலை செய்யும். மதிய மாத்திரையை யார் கொடுப்பது என்பதைப் பள்ளியோடு பேசாமல் எழுத வேண்டாம். ஊக்க மருந்து வகையில் சேராத அட்டமாக்ஸெட்டினின் பலன் இப்படி உடனே தெரியாது, முழுப் பலனுக்கு நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதைச் சொல்லாவிட்டால் பத்தாம் நாளே நிறுத்திவிடுவார்கள். அந்த மருந்தில் தற்கொலை எண்ணம் பற்றிய எச்சரிக்கை உண்டு, மனநிலை மாறுகிறதா என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள். எதைத் தொடங்கும் முன்பும் ஓடும்போது மயங்கி விழுந்திருக்கிறானா, குடும்பத்தில் சின்ன வயதில் யாராவது திடீரென்று இறந்தார்களா என்று கேட்டு, இதயத்தைக் கேட்டு, நாடியும் ரத்த அழுத்தமும் குறித்துவிடுங்கள்.

பசி குறையும். நம் பிள்ளைகளில் பலர் ஏற்கெனவே ஒல்லி, அதனால் எனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை. வீட்டிலோ பள்ளிக் காலை உணவிலோ வயிறு நிறையச் சாப்பிடுகிறானா என்று கேளுங்கள், மாத்திரை சாப்பாட்டுக்குப் பின்தான். மதியம் தட்டு அப்படியே இருந்தாலும், மாலையில் பசி திரும்பும்போது களியோ முட்டையோ தயாராக இருக்கட்டும். ஒவ்வொரு முறையும் எடையும் உயரமும் அட்டையில் ஏற வேண்டும்.

பயிற்சியின் வடிவம் பற்றி என் கருத்து இதுதான். இருபது பேருக்கு மேல் வேண்டாம். ஒன்றரை நாள் நேரில் கூடி, பேச்சைக் குறைத்து நடித்துப் பழகுங்கள்: ஒருவர் பாட்டி, ஒருவர் மருத்துவர், ஒருவர் எரிச்சலில் இருக்கும் கணக்கு வாத்தியார். அப்புறம் ஆறு மாதம், பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் வீடியோவில். ஒவ்வொருவரும் தான் பார்க்கும் பிள்ளையை, பெயர் சொல்லாமல், மற்றவர்கள் முன் வைக்க வேண்டும். 2003ல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் சஞ்சீவ் அரோரா ஹெப்படைட்டிஸ் சி நோய்க்காகத் தொடங்கிய எக்கோ முறை இதுதான். பெங்களூருவின் தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸும் மனநலத்தில் இந்த முறையில் பயிற்சி தருகிறது, ஓசூரிலிருந்து கூப்பிடு தூரம். இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2017 வழிகாட்டு அறிக்கையைப் பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரும் மூன்று குடும்பங்களை ஆறு மாதம் விடாமல் பார்த்தால்தான் பயிற்சி முடிந்ததாகக் கணக்கு.

மருத்துவர்கள் மட்டும் வந்தால் போதாது. பள்ளிகளுக்குப் போகும் நடமாடும் மருத்துவக் குழுக்களை அழையுங்கள். 2013ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் பட்டியலில் ஏ.டி.எச்.டி.யும் இருக்கிறது. சொத்தைப் பல் போலப் பார்த்தவுடன் தெரிவதில்லை என்பதால் விட்டுப்போகிறது. மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்தின் உளவியலாளர், வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர், நம் இரண்டு அரசு மருத்துவக் கல்லூரிகளின் மனநலத் துறை ஆகியோரும் வேண்டும். யாரை எப்போது அவர்களிடம் அனுப்புவது என்பதை அவர்களை வைத்துக்கொண்டே பேசி எழுதிவிடுங்கள். வலிப்பு, தற்கொலைப் பேச்சு, கட்டுக்கடங்காத வன்முறை, 6 வயதுக்குக் கீழே மருந்து தேவைப்படுவது, இரண்டு மருந்து கொடுத்தும் மாற்றம் இல்லாதது, இவற்றை நாம் தனியாக வைத்திருக்கக் கூடாது. சான்றிதழ் கேட்டு வருபவர்களுக்கும் பதில் தெரிந்திருக்க வேண்டும்: 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைகளில் கற்றல் குறைபாடு இருக்கிறது, ஏ.டி.எச்.டி. தனியாக இல்லை. எனவே கற்றல் குறைபாடும் சேர்ந்திருக்கிறதா என்று சோதித்துவிடுவது பிள்ளைக்குத் தேர்வில் உதவும்.

தேதி பற்றி ஒன்று. ஜூனில் பள்ளி திறந்தவுடன் வைக்காதீர்கள். ஆசிரியருக்குப் பிள்ளையைத் தெரிய ஆறேழு வாரமாவது ஆகும், அதற்கு முன் நிரப்பும் படிவத்தை நான் நம்புவதில்லை. ஆடிப் பதினெட்டு முடிந்த அடுத்த வாரம் வையுங்கள். நானும் வருகிறேன். பெயரை மறைத்து எடுத்து வைத்திருக்கும் பதினைந்து நோட்டுகளின் நகலைக் கொண்டு வருகிறேன், முதல் நாள் காலையில் எல்லாரும் அதைத்தான் புரட்டிப் பார்க்கட்டும்.